‘முழுத் திருப்தி’ என்றால் பாஸா, ஃபெயிலா? ஆங்கிலத்தில் அர்த்தம் மாறும் ஜெர்மன் ஆபீஸ் வார்த்தைகள்

ஸ்டுட்கார்ட்டில் மூன்று வருடம் வேலை பார்த்த ஒரு இன்ஜினீயர், லண்டனில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கம்பெனி கொடுத்த சான்றிதழ் ஜெர்மனில் இருக்கிறது. மொபைலில் போட்டோ எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பில் போடுகிறார். ‘கொடுத்த வேலைகளை எங்களுக்கு முழுத் திருப்தி தரும்படி செய்து முடித்தார்’ என்று பளிச்சென ஆங்கிலத்தில் வந்து விழுகிறது. முழுத் திருப்தியாம்! அதுக்கு மேல என்ன வேணும்?

அதே வரியை மியூனிக்கில் ஒரு எச்.ஆர். படித்தால், ‘சரி, சராசரியான ஆள்’ என்று நினைத்து அடுத்த ஃபைலைத் திறப்பார். ஏனென்றால் ஜெர்மனியில் அந்த வரி ஒரு மார்க். அதுவும் நடுத்தரமான மார்க்.

இத்தனைக்கும் ஆப் எந்தத் தப்பும் செய்யவில்லை. வார்த்தைக்கு வார்த்தை சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறது. ஆனால், அந்த வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் சட்டமும் வழக்கமும் ஆங்கிலத்துக்கு வரவில்லை.

திறன்மிகு இந்தியர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. அங்கே போகும் பலரும் ஆங்கிலம் பேசும் டீமில்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் ஒப்பந்தம், எச்சரிக்கைக் கடிதம், வேலை நீக்கக் கடிதம் எல்லாம் ஜெர்மனில் வரும். அதை ஆங்கிலத்தில் புரிந்துகொள்ளும்போது எங்கே சறுக்குகிறது? பார்ப்போம்.

திருப்தியில் இத்தனை வகையா?

முதலில் அந்தச் சான்றிதழ். அதன் பெயர் ‘ஆர்பைட்ஸ்சோய்க்னிஸ்’. ‘ஆர்பைட்’ என்றால் வேலை, ‘சோய்க்னிஸ்’ என்றால் சான்றிதழ். வேலையை விட்டுப் போகும் ஒவ்வொருவருக்கும் எழுத்துப்பூர்வமாக இதைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. ஜெர்மனியின் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 109-வது பிரிவு இதைச் சொல்கிறது.

இதில் இரண்டு வகை. வேலையின் தன்மையையும் காலத்தையும் மட்டும் சொல்வது எளிய சான்றிதழ். வேலைத் திறனையும் நடத்தையையும் சேர்த்து மதிப்பிடுவது ‘க்வாலிஃபிட்சீர்ட்’ சான்றிதழ். முதல் சறுக்கல் இங்கேயே ஆரம்பிக்கிறது. இதை அப்படியே ‘குவாலிஃபைடு ரெஃபரன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், ‘சில தயக்கங்களோடு தரும் பரிந்துரை’ என்றும் படிக்க முடியும். விரிவாக எழுதிய சான்றிதழ், அரைமனசோடு எழுதியது போல ஆகிவிடும்.

அடுத்ததுதான் அந்தத் திருப்தி வரி. ஜெர்மன் பள்ளிகளில் 1 என்றால் டாப், 6 என்றால் மோசம். அந்த மார்க் முறை சான்றிதழிலும் ஒளிந்திருக்கிறது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி:

• ‘எப்போதும் எங்களுக்கு முழுமையிலும் முழுமையான திருப்தி தரும்படி’ – 1, மிக நன்று
• ‘எப்போதும் எங்களுக்கு முழுத் திருப்தி தரும்படி’ – 2, நன்று
• ‘எங்களுக்கு முழுத் திருப்தி தரும்படி’ – 3, சுமார்
• ‘எங்களுக்குத் திருப்தி தரும்படி’ – 4, ஏதோ தேறியது
• ‘மொத்தத்தில் பார்த்தால் எங்களுக்குத் திருப்தி தரும்படி’ – 5, போதாது
• ‘முடிக்க முயற்சி எடுத்தார்’ – 6, சுத்தமாகச் சரியில்லை

கடைசி வரியைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ‘முயற்சி எடுத்தார்’ என்றால் உழைப்பாளி என்று தோன்றும். ஜெர்மன் எச்.ஆர். காதில் அது ‘முயற்சி மட்டும்தான் எடுத்தார், வேலை நடக்கவில்லை’ என்று விழும்.

‘முழுமையிலும் முழுமை’ என்பதற்கு ஜெர்மனில் ‘ஃபோல்ஸ்டன்’ என்று போடுவார்கள். முழுசா இருக்கிற ஒன்று அதுக்கு மேல எப்படி முழுசாகும்? இலக்கணம் பார்க்கும் ஜெர்மானியர்களே இதைக் கிண்டல் செய்வார்கள். ஆனாலும் அந்த வார்த்தை இல்லையென்றால் முதல் மார்க் கைநழுவும். தர்க்கத்துக்கு ஒத்துவராத அந்த வார்த்தையை, ‘சரி செய்கிறேன்’ என்று மொழிபெயர்ப்பாளர் சாதாரண ‘முழு’ என்று மாற்றினால், ஒரே நொடியில் 1 போய் 2 ஆகிவிடும்.

ஒரே ஒரு ‘எப்போதும்’ – கோர்ட் வரை போன கதை

இது சும்மா வார்த்தை விளையாட்டு என்று நினைத்தால், பெர்லின் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த பெண்ணின் வழக்கைப் பார்க்கலாம். சுமார் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு விலகினார். சான்றிதழில் ‘முழுத் திருப்தி’ என்று இருந்தது. ‘எப்போதும் முழுத் திருப்தி’ என்று மாற்ற வேண்டும் என்றார் அவர். அதாவது 3-ஐ 2 ஆக்க வேண்டும். ஜெர்மனில் அந்த ‘எப்போதும்’ என்பது ‘ஷ்டேட்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்.

கீழமை நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. கிட்டத்தட்ட 90 சதவீதச் சான்றிதழ்களில் ‘நன்று’ அல்லது அதற்கு மேல்தான் இருக்கிறது என்று காட்டிய ஆய்வுகளை மேற்கோள் காட்டின. அப்படியானால் ‘நன்று’தானே இப்போது சராசரி? எர்ஃபுர்ட் நகரில் இருக்கும் மத்திய தொழிலாளர் நீதிமன்றம் 2014 நவம்பர் 18 அன்று இதை ஏற்க மறுத்தது. எத்தனை பேர் நல்ல மார்க் வாங்குகிறார்கள் என்பது கணக்கில்லை, ‘முழுத் திருப்தி’தான் நடுத்தரம், அதற்கு மேல் வேண்டும் என்றால் ஊழியர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. நடுத்தரத்துக்குக் கீழே மார்க் போட்டால் மட்டும், நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில்.

ஒரு நாட்டின் உச்ச தொழிலாளர் நீதிமன்றமே ஒரு வினையடைக்காக உட்கார்ந்து விவாதித்திருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பிலோ, ‘எப்போதும்’ வந்தாலும் வராவிட்டாலும் படிப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்?

காரணம், இரண்டு பக்கமும் இழுக்கும் கட்டாயம். சான்றிதழ் உண்மையாக இருக்க வேண்டும். அதே சமயம் நல்லெண்ணத்தோடு எழுதப்பட வேண்டும். ஊழியரின் அடுத்த வேலையைத் தேவையில்லாமல் கெடுக்கக் கூடாது. ‘இவர் வேலைக்கு ஆக மாட்டார்’ என்று எழுத முடியாது. கையாடல் செய்தவரை ‘நேர்மையானவர்’ என்று தெரிந்தே புகழவும் முடியாது. நம்பி வேலைக்கு எடுத்த அடுத்த நிறுவனம் நஷ்டஈடு கேட்கலாம். இரண்டுக்கும் நடுவில் தப்பிக்கும் வழியாக உருவானதுதான் இந்தப் ‘பாராட்டு பாஷை’. திட்டுவதையும் பாராட்டு மாதிரியே திட்டுவது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. வழக்கு பயத்தில் பல நிறுவனங்கள் பதவியையும் தேதிகளையும் மட்டும் உறுதிப்படுத்திவிட்டு நிறுத்திக்கொள்ளும். பாராட்டி எழுதுபவர்கள் தாராளமாகவே பாராட்டுவார்கள். அதனால் ஜெர்மன் சான்றிதழை ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இரண்டு வகையில் ஏமாற்றம் வரலாம். மோசமான சான்றிதழ் நல்லதாகத் தெரியும். நல்ல சான்றிதழோ, ‘திருப்திதானா? இவ்வளவுதானா?’ என்று சப்பென்று தெரியும்.

சொல்லாமல் விட்டதும் செய்திதான்

மொழிபெயர்ப்பாளருக்கு இன்னும் பெரிய தலைவலி, காகிதத்தில் இல்லாத வார்த்தைகள். ஒரு நாளிதழில் வேலை பார்த்த பத்திரிகையாளர், தன் சான்றிதழில் ‘வேலை அழுத்தத்தைத் தாங்குவார்’ என்ற குறிப்பு இல்லை என்று வழக்குப் போட்டார். டெட்லைனோடு மல்லுக்கட்டும் தொழிலில் அந்தக் குறிப்பு விடுபட்டால் என்ன நினைப்பார்கள்? ஒரு தொழிலில் வழக்கமாக எழுதப்படும் ஒன்றை விட்டுவிட்டால் அதுவே கெட்ட சிக்னலாகலாம், அப்படிப்பட்ட வழக்கம் இருந்தால் ஊழியர் அதைக் கேட்கலாம் என்று 2008-ல் மத்திய தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. எழுதாத வரியை எந்த ஆப் மொழிபெயர்க்கும்?

வரிசையும் பேசும். ‘மேலதிகாரிகள், சக ஊழியர்கள், வாடிக்கையாளர்கள் என எல்லோரிடமும் நன்றாக நடந்துகொண்டார்’ என்றால் ஓகே. சக ஊழியர்கள் முதலிலும் மேலதிகாரி கடைசியிலும் வந்தால், ‘பாஸோடு ஏதோ உரசல்’ என்று படிப்பவர்கள் உண்டு.

கடைசிப் பத்தியில் வழக்கமாக மூன்று விஷயம் வரும்: போவதில் வருத்தம், செய்த வேலைக்கு நன்றி, எதிர்காலத்துக்கு வாழ்த்து. இதில் ஒன்று குறைந்தாலே புருவம் உயரும். ஆனால், இந்த வரிகளைக் கேட்டு வாங்கச் சட்ட உரிமை இல்லை என்று 2012-ல் தீர்ப்பானது. அதே நேரம், சான்றிதழில் திருத்தம் கேட்ட கோபத்தில், ஏற்கெனவே எழுதிக் கொடுத்த நன்றி வரியை முதலாளி நீக்குவது செல்லாது என்று 2023-ல் அதே நீதிமன்றம் சொன்னது.

‘நன்றாகப் பழகுபவர்’ என்றால் ‘குடிப்பவர்’ என்று அர்த்தம் என்கிற மாதிரி ரகசியக் குறியீட்டுப் பட்டியல்களும் ஊரெல்லாம் சுற்றுகின்றன. எல்லாவற்றையும் நம்ப வேண்டாம். வெளிப்படையான பொருளுக்கு மாறாக வேறொன்றைச் சொல்லும் குறியீடுகளை அதே 109-வது பிரிவு தடை செய்கிறது. ‘மிகுந்த ஆர்வமுள்ளவராக அவரை அறிந்தோம்’ என்று எழுதியிருந்ததை, ‘இது உள்குத்து’ என்று சொல்லி ஒருவர் வழக்குப் போட்டார். அப்படி எதுவும் இல்லை என்று 2011-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருப்தி வரிசை மட்டும் ரகசியமில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த மார்க் ஷீட்.

‘நான் கூண்டிகுங்’ – போனாரா, போக வைத்தார்களா?

சான்றிதழ் வேலை முடிந்த பிறகு வருவது. வேலையையே முடித்துவைக்கும் வார்த்தைகளில் பிசகினால் சேதம் இன்னும் அதிகம். ‘கூண்டிகுங்’ என்ற ஒரே சொல், நாமாக வேலையை விடுவதையும் குறிக்கும்; கம்பெனி நம்மை நீக்குவதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை. சூழலைப் பார்க்காமல் மொழிபெயர்த்தால், நீக்கப்பட்டவர் ராஜினாமா செய்தவராக மாறிவிடுவார்.

ஜெர்மன் சட்டப்படி கூண்டிகுங் காகிதத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்தால் செல்லாது. ஆனால் முறையான கடிதம் கைக்கு வந்துவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்: எதிர்த்து வழக்குப் போட மூன்று வாரம்தான். ‘என்ன லெட்டர்னு அப்புறம் யார்கிட்டயாவது கேட்டுக்கலாம்’ என்று ஓரமாக வைத்தால், அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு:

ஆப்மானுங்: ஆங்கிலத்தில் ‘வார்னிங்’ என்று வரும். சும்மா கண்டிப்பு என்று தோன்றும். உண்மையில், ‘இந்தத் தேதியில் இந்தத் தப்பைச் செய்தீர்கள், மறுபடி செய்தால் வேலை போகும்’ என்று பதிவு செய்யும் முறையான நடவடிக்கை. நடத்தை காரணமாக ஒருவரை நீக்குவதற்கு முன் பொதுவாக இது தேவைப்படும். அதாவது, முதல் படிக்கட்டு.

அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்: ‘இருதரப்பும் சம்மதித்து வேலையை முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம்’. கேட்க நாகரிகமாக இருக்கிறது. ஆனால் வேலையை விட நீங்களும் சம்மதித்ததாக ஆகிவிடுவதால், வேலையில்லாக் கால உதவித்தொகை 12 வாரம் வரை நிறுத்தப்படலாம். டேபிளில் வைத்து ‘இங்க ஒரு சைன்’ என்று நீட்டினால், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க நேரம் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

பி.ஏ. கையெழுத்தா, பவர்ஃபுல் கையெழுத்தா?

பிரிட்டிஷ் பாணிக் கடிதத்தில் கையெழுத்துக்கு முன் ‘பி.பி.’ என்று இருந்தால், பெரும்பாலும் பாஸ் இல்லாத நேரத்தில் அவர் உதவியாளர் போட்ட கையெழுத்து. ஜெர்மன் கடிதத்தில் ‘பி.பி.ஏ.’ என்று இருந்தால் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும். அவர் ‘ப்ரோகூரிஸ்ட்’.

‘ப்ரோகூரா’ என்பது வணிகச் சட்டம் வரையறுத்த அதிகாரம். வணிகப் பதிவேட்டில் பெயரோடு பதிவாகும். நிலத்தை விற்பது, அடமானம் வைப்பது போன்ற சிலவற்றைத் தவிர, கம்பெனி நடத்தத் தேவையான ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்துப் போடலாம். ‘இவ்வளவு தொகைக்கு மேல் போடாதே’ என்று கம்பெனிக்குள் கட்டுப்பாடு வைத்தாலும், வெளியாளிடம் அது செல்லாது. போட்ட கையெழுத்து கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ‘ஆதரைஸ்டு சிக்னேட்டரி’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் இந்தக் கனம் பாதிகூட வராது. அதே கடிதங்களில் வரும் ‘ஐ.வி.’, ‘ஐ.ஏ.’ எல்லாம் இதைவிடச் சின்ன அதிகாரங்கள். மூன்றுக்கும் சேர்த்து ‘சார்பாக’ என்று ஒரே வார்த்தை போடும் மொழிபெயர்ப்பு, சீனியரையும் ஜூனியரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடும்.

யூனியன் மாதிரி, ஆனா யூனியன் இல்ல

‘பெட்ரீப்ஸ்ராட்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஒர்க்ஸ் கவுன்சில்’ என்பார்கள். இந்தியாவிலிருந்து போனவர்கள் இதை யூனியன் என்று எடுத்துக்கொள்வது சகஜம். ஆனால் இது அந்த அலுவலக ஊழியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு. 1920-லேயே இதற்குச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1972-ம் ஆண்டுச் சட்டமும் அதன் திருத்தங்களும். ஓட்டுரிமை உள்ள ஐந்து நிரந்தர ஊழியர்கள் இருந்தாலே தேர்ந்தெடுக்கலாம். யூனியன் வேலைநிறுத்தம் அறிவிக்கலாம். இந்தக் குழுவால் முடியாது.

அப்புறம் என்ன பிரயோஜனம் என்று கேட்டால், ஒரு விஷயம் போதும்: குழு இருக்கும் நிறுவனத்தில், யாரை வேலையை விட்டு நீக்குவதானாலும் முதலில் குழுவின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்காமல் கொடுத்த கூண்டிகுங் செல்லாது. ‘நான் யூனியன் மெம்பர் இல்லையே’ என்று ஒதுங்கி நிற்பவர், தனக்காகவே இருக்கும் கதவைத் தட்டாமல் போகிறார்.

எல்லாமே டென்ஷன் வார்த்தைகள் இல்லை

மதியம் ஜெர்மன் ஆபீஸ் வராந்தாவில் எதிர்ப்படுபவர் ‘மால்ட்ஸைட்!’ என்பார். நேர் அர்த்தம் ‘சாப்பாடு’. மதிய நேர வணக்கம் அது. நம்ம ஊர் ‘சாப்டாச்சா?’வை ஆங்கிலத்தில் அப்படியே கேட்டால் எதிராளி முழிப்பார் இல்லையா, அதே கதைதான்.

வேலை முடிந்த பிந்தைய நேரத்துக்கு ‘ஃபையர்ஆபென்ட்’ என்று தனிச் சொல். கொண்டாட்டம், மாலை என்ற இரு சொற்களின் கூட்டு. ‘ஆஃப்டர் ஒர்க்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் வேலைதான் முன்னால் நிற்கும். ஜெர்மனில் அந்த நேரத்துக்கே சொந்தப் பெயர் இருக்கிறது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்கும் வரை பொதுவாக 11 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது.

தலைகீழ் கூத்தும் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்வதை ஜெர்மானியர்கள் ‘ஹோம் ஆபீஸ்’ என்பார்கள். அதை லண்டன்காரரிடம் சொன்னால், உள்துறை அமைச்சகத்தில் என்ன வேலை என்று கேட்பார்.

அரசே மொழிபெயர்த்தால்?

எலக்ட்ரீஷியனோ பேக்கரோ தொழில் பழகி, அனுபவம் சேர்த்து, கடினமான தேர்வு எழுதி ‘மைஸ்டர்’ ஆவார். சொந்தமாகத் தொழில் நடத்தவும் பயிற்சியாளர்களை உருவாக்கவும் அது பெரிய தகுதி. ஆங்கிலத்தில் ‘மாஸ்டர்’ என்றால் முதுகலைப் பட்டமா என்று குழப்பம் வரும். 2020 ஜனவரியில் அமலான சட்டத் திருத்தம் இந்தத் தகுதிநிலைக்கு ‘பேச்சலர் புரொஃபெஷனல்’ என்ற பெயரைக் கொண்டுவந்தது. கல்லூரிப் பட்டத்தோடு குழம்பும் என்று பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. அரசாங்கமே உட்கார்ந்து மொழிபெயர்த்தாலும், ஒரு குழப்பம் தீர்ந்த இடத்தில் இன்னொன்று முளைக்கிறது.

அப்போ என்ன செய்வது?

• வேலையை விடும்போது சான்றிதழைப் படிக்காமல் ஃபைலில் வைக்காதீர்கள். திருப்தி வரியில் ‘ஷ்டேட்ஸ்’ இருக்கிறதா, கடைசிப் பத்தியில் நன்றியும் வாழ்த்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். திருத்தம் கேட்பதென்றால் தள்ளிப்போடாதீர்கள். பல ஒப்பந்தங்களில் அதற்குக் காலக்கெடு இருக்கும்.
• மேனேஜர் மாறும்போதே இடைக்காலச் சான்றிதழ் கேட்கலாம். உங்களை அறிந்தவர் எழுதியது கையில் இருக்கும்.
• ஆங்கில நாட்டுக்கு அனுப்பும்போது, ‘இது ஜெர்மன் முறையில் இரண்டாவது உயர்ந்த மதிப்பீடு’ என்பது போன்ற குறிப்பைக் கவரிங் லெட்டரில் சேருங்கள். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருப்பதை இருக்கிறபடியே தர வேண்டியவர். மார்க்கை அவராகக் கூட்டி எழுத மாட்டார்.
• கூண்டிகுங், அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக் என்ற வார்த்தைகளோடு கடிதம் வந்தால், ஆப் சொல்வதோடு நிற்காமல் அன்றைக்கே பெட்ரீப்ஸ்ராட்டையோ தொழிலாளர் சட்ட வழக்கறிஞரையோ பாருங்கள்.
• இருமொழி ஒப்பந்தத்தில், எந்த மொழிப் பிரதி செல்லும் என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் ஜெர்மன்தான் செல்லும் என்று இருக்கும்.

லண்டனுக்கு விண்ணப்பிக்கும் நம்ம இன்ஜினீயருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மொழிபெயர்ப்பை அனுப்புவதற்கு முன், அவர் முதலில் ஸ்டுட்கார்ட் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட வேண்டும்: ‘எப்போதும்’ என்ற வார்த்தையை விட்டுவிட்டீர்கள், சேர்த்துத் தர முடியுமா?